கையடக்க நோட்டும் மைப்பேனாவும்

(மாதாந்திர இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே டொராண்டோவில் காலை பத்து மணி. சிங்கப்பூர் நண்பர்களுக்கு இரவு பத்து. மெல்பர்னில் நள்ளிரவு. தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு பேனாவைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். அதற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும்.

இந்தத் தலைப்பைச் சொன்னதும் ஒருங்கிணைப்பாளர் கொஞ்சம் தயங்கினார். "இலக்கியக் கூட்டம் ஆயிற்றே, ஸ்டேஷனரி கடை மாதிரி ஆகிவிடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தச் சந்திப்பில் நாவல்களைப் பற்றி, மொழிபெயர்ப்பைப் பற்றி, புலம்பெயர் அடையாளத்தைப் பற்றியெல்லாம் பேசியிருக்கிறோம். எதைக் கொண்டு எழுதுகிறோம் என்று பேசியதில்லை. ஒரு நெசவாளரிடம் அரைமணி நேரம் பேசிப் பாருங்கள், தறியைப் பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. தச்சர் உளியைப் பற்றிச் சொல்வார். எழுதுகிறவர்கள் மட்டும் எழுத்து எங்கிருந்தோ இறங்கி வந்ததுபோலப் பேசுகிறோம்.

நான் இன்று பேசப்போவது ஒரு சின்னப் பழக்கத்தைப் பற்றி. கைக்குள் அடங்கும் ஒரு நோட்டில் மைப்பேனாவால் தமிழ் எழுதுவது. அதில் என்ன சிக்கல், அந்தச் சிக்கலை எப்படிச் சமாளிப்பது, ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு அது எதற்கு. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். ஆனால் முதல் இரண்டைச் சொல்லாமல் அங்கே போக முடியாது.

பெயரிலேயே நமக்குள் வித்தியாசம் உண்டு. கும்பகோணத்தில் நாங்கள் இங்க் பேனா என்போம். பாடப்புத்தகம் ஊற்றுப்பேனா என்றது. இங்கே என் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா பேனை என்பார், நோட்டு அவருக்குக் கொப்பி. நான் மைப்பேனா, நோட்டு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். நீங்கள் உங்கள் சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள்.

நோட்டின் அளவைச் சொல்லிவிடுகிறேன். உலகம் முழுக்க விற்கும் பாக்கெட் நோட்டுகள் பெரும்பாலும் 9 சென்டிமீட்டர் அகலம், 14 சென்டிமீட்டர் உயரம். அமெரிக்காவின் ஃபீல்ட் நோட்ஸ் அதே அளவுதான், 48 பக்கம், நடுவில் மூன்று பின். விதைக் கம்பெனிகள் அந்த நாட்டு விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்த குறிப்பு நோட்டுகளைப் பார்த்து 2007இல் அதைத் தொடங்கினார்கள். நம் ஊரில் மளிகைக் கடைக்காரர் சட்டைப்பையில் வைத்திருந்த சிவப்பு அட்டை நோட்டும் ஏறக்குறைய அந்த அளவே. கை அளவுதான் நோட்டின் அளவு, அதனால் எல்லா நாட்டிலும் ஒன்றாக இருக்கிறது.

இந்த நோட்டுக்கும் மைப்பேனாவுக்கும் ஒத்துப்போகாது. அதுதான் முதல் சிக்கல்.

மைப்பேனா எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். நிப்புக்கு அடியில் ஒரு கறுப்புக் கட்டை இருக்கும். எங்கள் பள்ளியில் நாக்கட்டை என்போம். அதில் நூல் போன்ற மெல்லிய வாய்க்கால்கள். மை அந்த வாய்க்கால் வழியாகத் தானாக ஊர்ந்து நிப்பின் பிளவுக்கு வருகிறது. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே முறையில்தான். மை கீழே வர வர, அந்த இடத்தை நிரப்பக் காற்று மேலே போக வேண்டும். காற்று போகாவிட்டால் மை நின்றுவிடும். அளவில்லாமல் போனால் மை கொட்டும். இந்த இரண்டையும் ஒரே கட்டைக்குள் சமப்படுத்தியதுதான் லூயிஸ் வாட்டர்மேன் நியூயார்க்கில் செய்த வேலை. 1884இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

ஆக, மைப்பேனாவை அழுத்த வேண்டியதில்லை. தாளைத் தொட்டால் போதும், தாள் மையை இழுத்துக்கொள்ளும். எழுதுவதில் பாதி வேலையைத் தாள் செய்கிறது. அதனால்தான் தாள் சரியில்லாவிட்டால் எத்தனை விலையுள்ள பேனாவும் பயனில்லை.

தாள் என்பது மரநார். அப்படியே விட்டால் பஞ்சுபோல உறிஞ்சும். அதனால் ஆலையில் மாவுப்பசை போன்ற ஒன்றைச் சேர்த்து, மை உள்ளே போகும் வேகத்தைக் குறைக்கிறார்கள். அந்தப் பசை குறைவாக இருக்கும் தாளில் மூன்று விஷயம் நடக்கும். எழுத்தின் ஓரத்தில் ரோமம் முளைத்ததுபோல மை நார் வழியே ஓடும். பின்பக்கம் ஊறி வெளியே வரும். ஊறாவிட்டாலும் நிழல் தெரியும். பாக்கெட் நோட்டு மெல்லியதாக இருக்க வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும். பென்சிலையும் பால்பாயின்ட்டையும் மனதில் வைத்துத்தான் அதற்குப் பெரும்பாலும் தாள் போடுகிறார்கள். டார்வின் பீகிள் கப்பலில் போனபோது கரையில் இறங்கி அலைகையில் கொண்டுபோன 15 சிறு நோட்டுகளில் பெரும்பகுதி பென்சில் எழுத்து. மை கப்பலில், மேசைமேல். வெளியே பென்சில். அந்தப் பிரிவினையில் அர்த்தம் இருந்தது.

இதில் தமிழுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. ஆங்கிலத்தில் மை கொஞ்சம் பரவினால் எழுத்து அசிங்கமாகும், அவ்வளவுதான். தமிழில் சொல்லே மாறிவிடும். மனம் என்று ரெண்டு சுழி 'ன' போட்டு எழுதுகிறோம். மணம் என்று மூணு சுழி 'ண'. மட்டமான தாளில் பட்டை நிப்பால் சிறியதாக எழுதிப் பாருங்கள், சுழிகள் அடைத்துக்கொண்டு மனமும் மணமும் ஒன்றாகிவிடும். மெய்யெழுத்துப் புள்ளி பரவி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'கி'யின் கொக்கி மேல்வரியை இடிக்கும், 'சு'வின் வால் கீழ்வரியில் விழும்.

இனி எப்படிச் சமாளிப்பது என்பதற்கு வருகிறேன். பலமுறை மாற்றிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டவை இவை.

முதலில் நிப்பு. ஜப்பானிய நிப்பு ஐரோப்பிய நிப்பைவிட ஒரு படி மெல்லியது. ஃபைன் என்று இரண்டிலும் போட்டிருந்தாலும் ஜப்பானியக் கோடு ஒல்லியாக இருக்கும். அவர்களுக்கும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் பத்துப் பதினைந்து கோடுள்ள கஞ்சி எழுத்தை அடைக்க வேண்டிய கட்டாயம் உண்டல்லவா, அதனால் அப்படி. தமிழ்ச் சுழிகளுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. மெல்லிய நிப்பு குறைவாக மை விடும். குறைந்த மை என்றால் பரவுவதும் குறைவு, சீக்கிரம் காயும்.

இரண்டாவது தாள். எடை அதிகமான தாள் நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது பாதிதான் உண்மை. ஜப்பானில் டோமோயே ரிவர் என்றொரு தாள் உண்டு. சதுர மீட்டருக்கு 52 கிராம். நம் ஜெராக்ஸ் தாள் 70, 80 கிராம் இருக்கும். அதைவிட மெல்லிய இந்தத் தாளில் மை ஊறாது, காரணம் மேற்பரப்பைப் பக்குவப்படுத்திய விதம். அதைத் தயாரித்த பழைய ஆலை நிறுத்திக்கொண்டபோது, 2021இல் சான்சென் என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனம் எடுத்து நடத்தத் தொடங்கியது. பேனா ஆர்வலர்களுக்கு அது பெரிய கவலையாக இருந்த காலம். பிரான்சின் ரோடியா நோட்டில் ஐந்து மில்லிமீட்டர் கட்டம் போட்ட தாள் வரும், அதுவும் நல்ல தாள். நம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த அனுபவம் ஏற்கனவே உண்டு. நீல நிற ஏர்மெயில் தாள் நினைவிருக்கிறதா? அவ்வளவு மெல்லியதில் இரண்டு பக்கமும் மையால் எழுதி அனுப்புவார்கள். நாமும் படித்தோம்.

ஆனால் ஊறாத தாளில் மை மேலேயே நிற்கும். காய அரை நிமிடம்கூட ஆகும். அவசரமாக மூடினால் எதிர்ப்பக்கத்தில் கண்ணாடியில் பார்ப்பதுபோல எழுத்து பதியும். அதற்கு நான் ஒற்றுத்தாளை நோட்டு அளவுக்கு வெட்டி உள்ளே செருகி வைத்திருக்கிறேன். பள்ளியில் சாக்பீஸை உருட்டி மையை எடுப்போமே, அந்த வேலைதான்.

மூன்றாவது, பேனாவின் நீளம். ஜெர்மனியின் காவெகோ ஸ்போர்ட் மூடியிருக்கும்போது பத்தரை சென்டிமீட்டர்தான். மூடியைப் பின்னால் மாட்டினால் முழுப் பேனா நீளம் வந்துவிடும். நூறு வருடத்துக்கு முன்னால் இந்த வகையைப் பெண்கள், ராணுவ அதிகாரிகள், விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்கென்று சொல்லி விற்றார்கள். பெண்களை ஏன் சேர்த்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் உடையில் பை கிடையாது. இந்தத் தலைப்பில் ஆண்கள் எழுதியவற்றையெல்லாம் படித்தால் சட்டைப்பை, சட்டைப்பை என்றே வரும். புடவையில் சட்டைப்பைக்கு எங்கே போவது? என் அம்மா இடுப்பில் சுருக்குப்பை செருகியிருப்பார், அதில் வெற்றிலையும் சில்லறையும் இருக்கும், பேனா இருந்ததில்லை. எனக்குக் குளிர்கால கோட்டின் உள்பை கிடைத்தது. கனடா எனக்குத் தந்த முதல் எழுத்து வசதி அந்தப் பைதான்.

குளிர் என்றதும் சொல்ல வேண்டியது, மையில் பெரும்பகுதி தண்ணீர். மைனஸ் பதினைந்தில் வெளிப்பையில் வைத்தால் உறையும். உள்பையில் உடம்புச் சூட்டில் ஒன்றும் ஆகாது. விமானத்தில் போகும்போது பேனாவை முழுக்க நிரப்பிவிடுங்கள், அல்லது முழுக்கக் காலி செய்துவிடுங்கள். விமானம் மேலே போகையில் உள்ளே காற்றழுத்தம் குறையும், பாதி காலியான பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். நிப்பை மேலே பார்த்து வைத்தால் போதும். ஊருக்குப் போகிற அவசரத்தில் இது மறந்துபோகும், அதனால் சொல்கிறேன்.

சரி, கடைப் பேச்சு முடிந்தது. இவ்வளவு தொல்லைப்பட்டு எதற்கு எழுத வேண்டும்?

நம் எழுத்து கையில் வைத்து எழுதப்பட்ட எழுத்து என்பதை யோசித்துப் பாருங்கள். ஓலைச்சுவடி எழுதியவருக்கு மேசை கிடையாது. இடது கையில் ஓலை, வலது கையில் எழுத்தாணி. இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டி, எழுத்தாணியை அதில் ஊன்றிக்கொள்வார்கள். எழுத்தாணி நிற்கும், ஓலை நகரும். எழுதியது கீறலாகத்தான் இருக்கும். பிறகு கரியும் இலைச்சாறும் தேய்த்தால் எழுத்து தெரியும். புள்ளி வைத்தால் ஓலையில் ஓட்டை விழும் என்று பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். அதனால் எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்று படிப்பவர்தான் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பிற்பாடு வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொண்டுவந்த கதை நமக்குத் தெரியும். கைக்குள் அடங்கும் ஏடு, நின்றுகொண்டும் எழுதலாம். பாக்கெட் நோட்டு வெளிநாட்டுச் சரக்கு மாதிரித் தெரிந்தாலும் நம் கைக்குப் புதிதில்லை.

இப்போது நாம் எப்படி எழுதுகிறோம்? நான் கதைகளைக் கணினியில்தான் எழுதுகிறேன். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைத் தந்திராவிட்டால், 1999இல் தமிழ்99 விசைப்பலகை வந்திராவிட்டால், இந்தப் பத்திரிகையே இருந்திருக்காது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் ஒலிபெயர்ப்பு முறையில்தான் தட்டுகிறோம். ஆங்கில எழுத்தில் 'அம்மா'வைத் தட்டினால் திரையில் அம்மா வரும். வாழை என்று எழுத என் விரல் ஆங்கில இசட்டைத் தேடுகிறது. இருபது வருடமாக என் விரல் தமிழை ஆங்கில எழுத்துக்கூட்டலாகத்தான் அறிந்திருக்கிறது. 'ழ' என்ற வடிவத்தை, அந்த வளைவை, அந்தச் சுழிப்பை என் கை போட வேண்டிய அவசியமே வருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. போனில் இரண்டு எழுத்துத் தட்டினால் மூன்று சொற்களை நீட்டுகிறது. அது நீட்டுகிற சொல் எல்லோரும் அதிகம் எழுதுகிற சொல். போன குளிர்காலத்தில் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா உட்கார்ந்திருந்தார். மருந்துக் கடைப் பை ஈரமாக இருந்தது. என்னைப் பார்த்து, "மருந்தெல்லாம் கொட்டுண்டு போச்சு பிள்ளை" என்றார். நாங்கள் 'கொட்டிட்டேன்' என்போம், இல்லாவிட்டால் 'கொட்டிடுச்சு'. கொட்டுண்டு போவது வேறு. அந்த வினைக்குள் யாரும் கொட்டவில்லை, யார்மேலும் பழி இல்லை, தன்னால் நேர்ந்தது என்ற முழு நியாயமும் இருக்கிறது. கையுறையைக் கழற்றி நோட்டில் அந்த ஒரு சொல்லை எழுதிக்கொண்டேன். போனில் அடித்திருந்தால் அதற்குத் தெரிந்த வேறு சொல்லைத் தூக்கிக் கொடுத்திருக்கும், நானும் அவசரத்தில் அதையே தொட்டிருப்பேன்.

புலம்பெயர்ந்த ஊரில் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். இந்த நகரத்தில் வல்வெட்டித்துறையும் மதுரையும் பினாங்கும் ஒரே பேருந்தில் வருகின்றன. இங்கே கேட்கும் தமிழ் வேறெங்கும் கேட்காது. அதைக் கேட்ட மாதிரியே எழுதி வைக்க, திருத்தாத ஒரு இடம் வேண்டும்.

சின்னப் பக்கம் வாக்கியத்தையும் மாற்றுகிறது. 'வந்துகொண்டிருக்கிறார்களாம்' என்று எழுதினால் ஒன்பது சென்டிமீட்டர் வரியில் பாதிக்கு மேல் போய்விடும். அடுத்த தடவை 'வருகிறார்களாம்' என்று எழுதுவீர்கள். துணைவினைகளை நாம் எவ்வளவு தாராளமாகச் செலவழிக்கிறோம் என்பது அந்த வரியில் தெரிந்துவிடும். மையில் எழுதியதை அழிக்கவும் முடியாது, அடிக்கத்தான் முடியும். அடித்ததும் கீழே தெரியும். கணித மேதை ராமானுஜன் தாள் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே துடைத்துத் துடைத்து மறுபடி எழுதினார் என்று படித்திருப்பீர்கள். முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். எப்படி அங்கே வந்தார் என்பது முழங்கையோடு போய்விட்டது. அந்த வழியைத் தேடிக் கணிதவியலாளர்கள் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். நம் கணினி ஒரு பெரிய சிலேட்டு. இறுதி வடிவம் மட்டும் நிற்கும். எந்தச் சொல்லை எழுதி, எதை அடித்து இந்தச் சொல்லுக்கு வந்தோம் என்பது நோட்டில்தான் இருக்கும்.

இனி என் அப்பாவின் நோட்டுகளைப் பற்றி. அவர் கும்பகோணத்தில் ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதினார். மண்டிப் பேரேடு தனி. சட்டைப்பையில் சொந்தமாக ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார், சிவப்பு அட்டை, நூல் தையல். பேனா, சீனத்து ஹீரோ. நிப்பு மூடிய மூக்கு மாதிரி உள்ளே இருக்குமே, அந்தப் பேனா. அவர் காலமான பிறகு பதினான்கு நோட்டுகள் எனக்கு வந்தன.

அதில் 1977ஆம் வருட நோட்டு ஒன்று உண்டு. அந்த வருடம் நவம்பர் 12இல் நாகப்பட்டினத்தில் கரையேறிய புயல் தஞ்சாவூர் ஜில்லா முழுவதையும் அடித்துப் போட்டது. நோட்டு அப்பாவின் சட்டைப்பையில் இருந்திருக்கிறது, முழுக்க நனைந்திருக்கிறது. அதற்கு முந்தைய மாதங்களில் ராயல் புளூ மையில் எழுதிய பக்கங்கள் வெறும் நீல மேகமாக இருக்கின்றன. ஒரு எழுத்து தெரியவில்லை. நடுவில் மண்டியிலிருந்து நீலக்கறுப்பு மையை நிரப்பியிருக்கிறார் போல. அந்தப் பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. ராயல் புளூ வெறும் சாயம். சட்டையில் பட்டால் துவைத்தால் போக வேண்டும் என்றே செய்தது. பழைய வகை நீலக்கறுப்பில் இரும்பு உப்பு சேர்ந்திருக்கும். எழுதும்போது வெளிறியிருந்து, காற்றுப் பட்டுக் கறுத்து, தாளின் நாரோடு பிடித்துக்கொள்ளும். இங்கிலாந்தில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளில் அந்த வகை மையால்தான் எழுத வேண்டும் என்று வைத்திருந்தார்கள்.

புயலுக்கு மறுநாள் பக்கத்தில் நான்கு வரி. ஓடு போயிற்று. மூட்டை நாற்பது நனைந்தது. வாய்க்கால் ஓரத்துத் தென்னை இரண்டும் இல்லை. எல்லோரும் சுகம். கடைசி இரண்டு சொல்லில் நானும் இருக்கிறேன், அப்போது எனக்கு ஐந்து வயது.

இந்தப் பக்கத்தை என் மகளிடம் காட்டினேன். அவள் இங்கேயே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எட்டு வருடம் படித்தாள். அச்சில் இருப்பதை நன்றாகப் படிப்பாள். தாத்தாவின் கையெழுத்தில் ஒரு வரிகூட அவளுக்குப் படிக்க வரவில்லை. "அம்மா, இது என்ன, யானை மாதிரி ஒரு எழுத்து?" என்று கேட்டாள். பழைய 'லை'. துதிக்கை போட்ட 'லை'. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததும் பாடப்புத்தகத்திலிருந்து அது போய்விட்டது, அப்பாவின் கையிலிருந்து கடைசிவரை போகவில்லை. போதாததற்குக் கணக்கெழுதும் பழக்கத்தில் அப்பா புள்ளியே வைக்க மாட்டார். அவளுக்கு அது வேறு ஏதோ மொழி.

அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் போய்விடும் என்று கவலைப்படுகிறோம், அதற்காக வகுப்பு நடத்துகிறோம். அவர்கள் தமிழ் படிக்கவும் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் அறிந்த தமிழ் எழுத்து நான்கைந்து கணினி எழுத்துருக்கள்தான். வீட்டில் யாரும் கையால் தமிழ் எழுதி அவர்கள் பார்த்ததில்லை. மளிகைப் பட்டியல்கூட வாட்ஸப்பில். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பெட்டியில் கடிதங்கள் இருக்கின்றன. இன்னும் இருபது வருடத்தில் அதைத் திறக்கிற பிள்ளைக்குத் தமிழ் தெரிந்திருந்தும் படிக்கத் தெரியாது.

நானும் அவளும் அந்த 1977 நோட்டை உட்கார்ந்து படித்தோம். இரண்டு மாதம் ஆயிற்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பக்கம், இரண்டு பக்கம். புள்ளியில்லாத இடத்தில் அவள் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக் கண்டுபிடிப்பாள். சுவடி படித்தவர்கள் செய்த அதே வேலை. முடிந்ததும் கேட்டாள், "உங்க நோட்டு எங்கேம்மா?" என்று. என் குறிப்புகள் அதுவரை பாதி போனில், பாதி நோட்டில் இருந்தன. போனுக்குக் கடவுச்சொல் இருக்கிறது. அது என்னோடு போகும். நோட்டைக் காட்டினேன். அவளால் படிக்க முடிந்தது. அதற்குப் பிறகு நான் மெல்லிய நிப்புக்கும் நல்ல தாளுக்கும் இவ்வளவு மெனக்கெடுவது அழகுக்காக இல்லை. ரெண்டு சுழியும் மூணு சுழியும் அவளுக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும். புள்ளி புள்ளியாக இருக்க வேண்டும். மையும் நனைந்தால் போகாத மைதான் போடுகிறேன்.

அரட்டைப் பெட்டியில் ஒரு கேள்வி வந்திருக்கிறது. பால்பாயின்ட் போதாதா என்று லண்டனிலிருந்து ஒரு நண்பர் கேட்கிறார். தாராளமாகப் போதும். பென்சிலும் போதும். கையால் தமிழ் எழுதுவதுதான் முக்கியம். நான் மைப்பேனா வைத்திருப்பதற்கு இரண்டு காரணம். பால்பாயின்ட்டை அழுத்தி உருட்ட வேண்டும், தமிழ்ச் சுழிகளில் நான்கு பக்கமும் அழுத்தி எழுதினால் எனக்கு மணிக்கட்டு வலிக்கிறது. மைப்பேனாவைத் தொட்டுக்கொண்டு போனால் போதும். இரண்டாவது, மைப்பேனாவைச் சும்மா வைத்திருக்க முடியாது. இரண்டு மூன்று வாரம் தொடாவிட்டால் நாக்கட்டைக்குள் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்தே தினமும் நாலு வரி எழுதுகிறேன்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. பேனா சேகரிப்பது தனி உலகம், அதற்குள் போக வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிற மலிவான பேனாவே நன்றாக எழுதும். ஊருக்குப் போகிறவர்கள் விசாரித்தால், திருவள்ளூர் பக்கத்தில் எபனைட் கட்டையைக் கடைசல் பிடித்துக் கையால் பேனா செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது தெரியும். பேனாவில் மிச்சம் பிடிக்கும் பணத்தைத் தாளில் போடுங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஒரு பக்கம் எழுதுங்கள். இலக்கியமாக எழுத வேண்டாம். தேதி, நீங்கள் வாழும் தெருவின் பெயர், அன்றைக்குக் காதில் விழுந்த ஒரு தமிழ்ச் சொல், அதைச் சொன்னவர் எந்த ஊர்க்காரர். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளையிடம், பேரப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எந்த எழுத்தில் தடுக்குகிறது என்று பாருங்கள். அடுத்த பக்கத்தில் அந்த எழுத்தைக் கொஞ்சம் நிதானமாக எழுதுங்கள்.